ராமேஸ்வரம் பக்கம் வந்தால் பஃபே எடுப்பதா, வெளியே சாப்பிடுவதா?

போன வாரம் அக்கா கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியப் போகிறது, ஏப்ரல் கடைசியில் வருகிறார்கள். எங்கள் வீடு ராமநாதபுரத்தில், கோயிலுக்கு 55 கிலோமீட்டர். விடிகாலையில் தீர்த்தமாட வேண்டும் என்பதால் முதல் இரண்டு ராத்திரி ராமேஸ்வரத்திலேயே தங்கிவிட்டு அப்புறம் வீட்டுக்கு வருவதுதான் அவர்கள் வழக்கம். ரூம் போட உட்கார்ந்தால் மூன்று விலை காட்டுகிறதாம். ரூம் மட்டும் ஒரு விலை, காலை பஃபேயோடு ஒரு விலை, காலையும் ராத்திரியும் பஃபேயோடு ஒரு விலை. "எதைடா போட?" என்றாள். பின்னாலிருந்து மச்சான் குரல், "மூணாவதையே போடு, இஷ்டத்துக்குச் சாப்பிடலாம்ல."

இந்தக் கேள்வியை வருஷத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்கிறார்கள், சொந்தக்காரர்கள், கூட வேலை பார்க்கிறவர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள். அதனால் ஒருதடவை விரிவாகவே எழுதிவிடுகிறேன். முதலிலேயே என் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கடற்கரையில் காலை பஃபே எடுக்கலாம், ராத்திரி பஃபேயை விட்டுவிடலாம், மதியத்தை எந்த ஓட்டலுக்கும் முன்கூட்டி எழுதிக் கொடுக்கவே கூடாது. யார் யார் வருகிறீர்கள், எந்த மாதம் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும், அதையும் சொல்கிறேன்.

காலைக் கணக்கை முதலில் பார்ப்போம். அக்கா, மச்சான், மச்சானுடைய அப்பா அம்மா, எட்டு வயதில் ஒருத்தி, நாலு வயதில் ஒருத்தன். இரண்டு ரூம். ரூமுக்கு 600 ரூபாய் கூடக் கொடுத்தால் இரண்டு பேருக்குக் காலை உணவு என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு பெரியவர்களுக்கு 1,200. சின்னவனுக்குக் காசு கிடையாது, பெரியவளுக்குப் பிள்ளைகள் கட்டணம் என்று 200. மொத்தம் 1,400. இதே ஆறு பேரும் கோயில் பக்கத்தில் ஒரு டிபன் கடையில் இட்லி, வடை, பொங்கல், தோசை, காப்பி என்று வயிறு நிறையச் சாப்பிட்டால் 750 ரூபாய் வரும். பணத்தை மட்டும் பார்த்தால் வெளியே சாப்பிடுவதுதான் மலிவு, இதில் சந்தேகமே வேண்டாம். ராமேஸ்வரத்தில் காலை டிபன் விலை பெருநகரத்து விலை இல்லை. பஃபேயில் எத்தனை இட்லி அடுக்கினாலும் அந்த வித்தியாசத்தைச் சாப்பிட்டே ஈடுகட்ட முடியாது.

அப்படியும் காலை பஃபேயை எடுக்கச் சொல்கிறேன் என்றால் காரணம் அந்த ஊர்க் காலையின் நேரக் கணக்கு. விடிகாலை 5 மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம். அதற்கு 4 மணிக்கே எழ வேண்டும். அக்னி தீர்த்தத்தில் கடலில் முழுகிவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாக இறைத்து ஊற்ற நனைந்து, துணி மாற்றிக்கொண்டு (ஈரத் துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள்), வரிசையில் நின்று சாமி பார்த்துவிட்டு வெளியே வரும்போது மணி எட்டரை, ஒன்பது. அந்த நேரத்தில்தான் ஊரில் இருக்கிற அத்தனை யாத்திரைக் கூட்டமும் டிபன் கடை வாசலில் நிற்கும். ஒரு மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் நாம் நின்று, அவர்கள் எழுந்ததும் நம் பிள்ளையை ஓடிப்போய் உட்காரச் சொல்ல வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அதுகூட நடக்காது. முழங்கால் வலியோடு நாலு மணியிலிருந்து நடந்த ஒரு பெரியவரை அப்படி நிற்க வைப்பதை நான் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. ஓட்டல் பஃபேயில் உட்கார நாற்காலி உண்டு, கழிப்பறை பக்கத்தில் உண்டு, ஈரத் துணியை ரூமில் போட்டுவிட்டு வரலாம், சின்னவன் ஒரு தோசையைப் பிய்த்துப் போட்டுவிட்டு கார்ன்ஃபிளேக்ஸ் கேட்டால் அதையும் கொடுக்கலாம். கூடக் கொடுக்கிற அந்த 650 ரூபாய் இதற்குத்தான்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. வெளியே ஆகிற செலவைப்போல இரண்டு மடங்குக்குள் வந்தால் காலை பஃபே எடுங்கள், அதற்கு மேல் போனால் விட்டுவிடுங்கள். இரண்டு இளவட்டங்கள் பைக்கில் வருகிறார்கள் என்றால் எந்த விலையிலும் எடுக்கத் தேவையில்லை, அவர்களுக்கு நிற்பதும் சுற்றுவதும் ஒரு பொருட்டே இல்லை.

ரூம் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் போன் செய்து கேட்டுவிடுங்கள். பஃபே எத்தனை மணிக்கு மூடும்? ஒன்பதரைக்கு மூடினால் அது கோயிலுக்குப் போகிறவர்களுக்கு உதவாது. பத்து, பத்தரை வரை இருக்க வேண்டும். தனுஷ்கோடிக்குச் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். ரோடு முடிகிற அரிச்சல்முனை வரை போய்த் திரும்ப ஒன்பதாகிவிடும், அந்தக் காற்றில் நின்றால் அப்படியொரு பசி எடுக்கும். கடைசி அரைமணி நேரத்தில் போனால் பாத்திரங்களை நிரப்புவார்களா என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் பத்து மணிக்கு மூடுவது என்றால் ஒன்பதே முக்காலுக்கே பொங்கல் அடித்தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், புதிதாக வராது.

உள்ளே போனதும் தட்டை எடுக்காதீர்கள். கையை வீசிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எல்லா மூடியையும் திறந்து பாருங்கள், கடைசி மேசை வரைக்கும். முதல் மேசையில் எப்போதும் வெள்ளை ரொட்டி, வெண்ணெய், கார்ன்ஃபிளேக்ஸ், வெறும் உப்புமா என்று வயிற்றை அடைக்கிற மலிவுச் சாமான்தான் இருக்கும், நல்லது உள்ளே தள்ளி இருக்கும். தோசை ஊற்றுகிற இடம் இருந்தால் அங்கே சொல்லிவிட்டு வந்து மற்றதை எடுங்கள், தோசை வரும்போது சூடாக இருக்கும். பூரி அடுக்கிவைத்திருந்தால் தொடவே வேண்டாம், மூடி போட்ட பாத்திரத்தில் பத்து நிமிஷம் இருந்த பூரி ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். வடையும் அப்படித்தான், இப்போதுதான் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்றால் மட்டும் எடுங்கள். இட்லி, பொங்கல், இடியாப்பம் எல்லாம் சூட்டில் இருந்தாலும் கெடாது. மச்சானுடைய அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. அவருக்கு முதலில் முட்டையும் காயும் சுண்டலும், அதற்கு அப்புறம் இட்லி. மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறாது. இவ்வளவு வகை விரித்து வைத்திருக்கிற இடத்தில் அவரை வெறும் இட்லியோடு எழுப்பிவிடக் கூடாது.

ஒன்பதரைக்கு இப்படி நிதானமாகச் சாப்பிட்டால் மதியச் சாப்பாடு வரை பசிக்காது. கலாம் நினைவிடம், பாம்பன் பாலம் எல்லாம் வெயில் உச்சிக்கு வருவதற்குள் பார்த்துவிடலாம்.

இப்போது மச்சானின் ஆசைக்கு வருகிறேன், ராத்திரி பஃபே. தலைக்கு 900 ரூபாய் என்று வையுங்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்குகிற பெரிய ஓட்டல் என்றால் சாப்பாட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 1,062. நாலு பெரியவர்களுக்கு 4,248, பெரியவளுக்கு அரை விலை 531. ஒரு ராத்திரிக்கு 4,779 ரூபாய். சாதாரண உணவகத்தில் வரி 5 சதவீதம்தான், அதே ஆறு பேருக்கு மீன், பரோட்டா, இட்லி என்று என்னதான் சாப்பிட்டாலும் இரண்டாயிரத்தைத் தாண்டுவது கஷ்டம். காலையில் 650 ரூபாய் வித்தியாசத்துக்கு நேரமும் ஓய்வும் கிடைத்தது. ராத்திரியில் 2,700 ரூபாய் வித்தியாசத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால், எனக்குத் தெரிந்து ஒன்றும் பெரிதாக இல்லை. நாலு மணிக்கு எழுந்த குடும்பம் எட்டு மணிக்குக் கண் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெயிலில் சுற்றியதில் பெரியவர்களுக்கு மோர் சாதம்தான் இறங்கும். சின்னவன் அம்மா மடியில் தூங்கிவிடுவான். மறுநாளும் விடியலில் எழ வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. கடலைப் பார்த்த மாதிரி ஒரு தங்குமிடம், பெயர் வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி பஃபே. நாங்கள் போனபோது மணி ஒன்பது. மீன் குழம்பு என்று எழுதி வைத்திருந்த பாத்திரத்தின் மூடியைத் தூக்கினேன், ஆவி வரவில்லை. குழம்பின் மேல் எண்ணெய் தனியாக ஒரு ஆடை மாதிரி படிந்து, கரண்டி வைத்த இடத்தில் மட்டும் அது கிழிந்து கீழே செந்நிறம் தெரிந்தது. குனிந்து அடியில் பார்த்தேன், சூட்டுக்கு வைக்கிற இரண்டு விளக்கில் ஒன்று அணைந்து கிடந்தது. நான் எடுக்கவில்லை. ஆனால் "குடுத்த காசுக்குச் சாப்பிடணும்ல மாப்ள" என்று மச்சான் அதைத்தான் நாலு துண்டு போட்டுக்கொண்டார். சூரை மீன். அரைமணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, தலைவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு விடியும்போதுதான் சரியானது.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். சூரை, அயிலை மாதிரி மீன்களைப் பிடித்ததிலிருந்து சரியாக ஐஸில் வைக்காமல் விட்டால் அதில் ஹிஸ்டமின் என்கிற பொருள் உண்டாகிவிடுகிறது, அப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஆக அன்றைக்குத் தப்பு அந்த விளக்கில் மட்டும் இருந்திருக்காது, மீன் அடுப்புக்கு வருவதற்கு முன்பே கெட்டிருக்க வேண்டும். ஆனால் விளக்கு அணைந்ததைக்கூடக் கவனிக்காத இடத்தில் மீனை ஐஸில் வைப்பதை மட்டும் கவனித்திருப்பார்களா? சமைத்த உணவைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு எளிது: 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும், அதனால் சூடான உணவு 60 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும், வெளியே ஆறிய உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஏழு மணிக்குப் பரப்பி வைத்த பாத்திரத்தை ஒன்பதரைக்குத் திறந்தால் என்ன நிலைமை என்று நீங்களே யோசியுங்கள், அதுவும் இந்த ஊர்ப் புழுக்கத்தில்.

குடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது, மச்சானை மட்டும் குறை சொல்ல முடியாது. 2017-இல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய ரிச்சர்ட் தாலர் 1980-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிற ஒரு பீட்சா கடையில் சில மேசைக்காரர்களுக்கு மட்டும் கொடுத்த காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காசு திரும்பக் கிடைத்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்களாம். பசி இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும், காசு போனதுதான் கூட நாலு துண்டைத் தள்ள வைத்திருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு அந்தக் காசு எப்படியும் திரும்பாது. அதற்கு மேல் சாப்பிடுகிற ஒவ்வொரு வாயும் மறுநாள் காலைத் தீர்த்தத்தைத்தான் கெடுக்கும். இன்னொன்று, ஒரே சுவை சீக்கிரம் அலுத்துவிடும், சுவை மாறினால் மறுபடி பசிப்பது போலவே தோன்றும். நாற்பது வகை வைப்பதே அதற்குத்தான். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரிய 20 நிமிஷமாவது ஆகும். எனவே ஒரு தட்டு முடிந்ததும் எழாமல் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் இரண்டாவது தட்டுக்குப் போங்கள், முக்கால்வாசிப் பேர் இனிப்போடு நிறுத்திவிடுவார்கள்.

ராத்திரி பஃபேயே எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பதினைந்து இருபது பேர் கொண்ட கூட்டம், அதில் பாதி சைவம், பாதி அசைவம், நாலு பிள்ளைகள் நூடுல்ஸ் தவிர எதையும் தொடாது, இரண்டு பெரியவர்களால் படி ஏற முடியாது என்றால் அது பெரிய உதவி. அத்தனை பேருக்கும் ஒரு மெஸ்ஸில் இடம் பிடிக்கவே முடியாது. அப்படி எடுத்தால், பஃபே திறந்த முதல் அரைமணி நேரத்தில் போங்கள். கண்ணெதிரே மீன் பொரித்துக் கொடுக்கிற இடம் இருந்தால் அங்கே நின்று வாங்கிச் சாப்பிடுங்கள், குழம்புப் பாத்திரங்களை விட்டுவிடுங்கள். சின்னச் சின்னப் பாத்திரத்தில் வைத்து அடிக்கடி நிரப்புகிற இடம் நல்ல இடம். அண்டா மாதிரி வைத்து ராத்திரி முழுக்க ஓட்டுகிற இடத்தில் சோறு, பருப்பு, தயிரோடு முடித்துக்கொள்வது நல்லது. வெட்டி வைத்த பழமும், மயோனைஸ் போட்ட சாலட்டும் ஐஸ் மேல் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

சரி, மீனுக்கு வருவோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பாதிப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள், இதில்தான் பஃபே மிகவும் பின்தங்கிவிடுகிறது.

எங்கள் பக்கத்து மீன் நாளைப் பார்த்து வருவது. ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக் கிழமைகளில் கிளம்பிப்போய் மறுநாள் காலையில் கரைக்கு வரும். அப்படியென்றால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில்தான் இறங்குமீன் நிறையக் கிடைக்கும். நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்கள். பாம்பன் தெற்குவாடி, மண்டபம் பக்கம் தென்கடல் மீன், ராமேஸ்வரம் பக்கம் வடகடல் மீன், இரண்டுக்கும் ருசி வேறு என்று எங்கள் அப்பத்தா கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். பஃபேக்காரர்கள் வாரம் ஏழு நாளும் ஒரே பட்டியல் போட வேண்டியிருப்பதால் ஒரு தடவை வாங்கி உறைபெட்டியில் வைத்துத்தான் ஆக வேண்டும். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, அந்த முறையில் வேறு வழியில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று, அக்காவிடம் முக்கியமாகச் சொன்னேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் எதுவும் கடலுக்குப் போகாது. பள்ளிக்கூட லீவும் சரியாக அப்போதுதான். ஊர் நிறைய விருந்தாளி இருக்கும் நேரத்தில் படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் பஃபேயில் பெரிய பெரிய வஞ்சிரத் துண்டு பார்த்தால் அது ஐஸில் பல நாள் இருந்ததாக இருக்கலாம், இல்லையென்றால் கேரளாப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம், அங்கே தடை ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்கும். நம் கடலில் நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. அதனால் கணவாய், நண்டு, நெத்திலி, சூடை எல்லாம் அந்த மாதங்களிலும் புதிதாகவே கிடைக்கும். விலை கூட இருக்கும், ஆனால் மீன் மீனாக இருக்கும். தடைக்காலத்தில் வருகிறவர்கள் வஞ்சிரத்தை மறந்துவிட்டு இவற்றைக் கேளுங்கள். மழைக்காலத்தில் வருகிறீர்கள் என்றால் வேறொரு கணக்கு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் எந்தப் படகும் போகாது, அன்றைக்கு எங்கும் மீன் கேட்காமல் சாம்பாரைச் சாப்பிடுவதுதான் நல்லது.

பாம்பனிலும் மண்டபத்திலும் தனுஷ்கோடிப் போகிற வழியிலும் இருக்கிற சின்னக் கடைகளில் வாங்குகிற முறையைச் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். மசால் தடவிய மீனை ஒரு தட்டில் பரப்பி முன்னாலேயே வைத்திருப்பார்கள். விளைமீன், பாறை, நகரை, கணவாய் வளையம், நண்டு. "இது எவ்வளவு?" என்று ஒவ்வொன்றையும் கைகாட்டிக் கேளுங்கள், சங்கடமே படாதீர்கள், எல்லோரும் கேட்பதுதான். அளவைப் பார்த்து விலை சொல்வார்கள். விலை பேசிய பிறகு கல்லில் போடச் சொல்லுங்கள். போன மாசி மாதம் பாம்பனில் ஒரு அக்கா கடையில் நின்றேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விளைமீன், குறுக்கே மூன்று கீறல், அதற்குள் அரைத்த மசாலை விரலால் அழுத்தி அழுத்தி ஏற்றியிருந்தார். கல்லில் போட்டதும் ஓரத்து மசால் முதலில் கறுத்து, நடுவில் தோல் சுருங்கி, அந்தக் கீறல் வாய் திறந்து உள்ளே வெள்ளைச் சதை தெரிந்தது. திருப்பிப் போட்டுக் கரண்டியால் கல்லில் இருந்த மசால் பொருக்கையெல்லாம் சுரண்டி மீன் மேலேயே போட்டார். அந்த மசால் எங்கள் ஊர் குண்டு மிளகாய், ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதன் காரமும் வாசமும் எல்லா ஊர் நாக்குக்கும் பொதுவாகச் சமைக்கிற பஃபே மீனில் இருக்காது, இருக்கவும் முடியாது. ஒரு மீன், கொஞ்சம் சோறு, குழம்பு, அவ்வளவுதான். அளவில்லாமல் இல்லை, ஆனால் எழும்போது மனசு நிறைந்திருக்கும். பிள்ளைகளுக்குக் கார மசால் ஆகாது, மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டுப் பொரித்துத் தரச் சொன்னால் தருவார்கள்.

கோயிலுக்காக வருகிற குடும்பத்தில் தீர்த்தமாடிய அன்று அசைவம் தொடாதவர்கள் நிறைய. அவர்களுக்கு இலைச் சாப்பாடு இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடு என்பதை நமக்கு ஓட்டல்காரர்கள் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, இந்த அன்லிமிடெட் மீல்ஸ் அதைத்தானே காலங்காலமாகச் செய்கிறது. பஃபேயைவிட இது எனக்கு எப்போதும் ஒரு படி மேல். சோறு நம்மிடம் வருகிறது. பரிமாறுகிறவர் நம் இலையைப் பார்த்துக்கொண்டே போகிறார், கூட்டு தீர்ந்ததைப் பார்த்தால் கேட்காமலே வைக்கிறார். கேட்டுப் போடுவதால் வீணாவதும் குறைவு, பஃபே மேசைகளில் தட்டு தட்டாகக் கிடக்கிற எச்சிலைப் பார்த்தால் வயிறு எரியும். விலையும் பஃபேயில் கால்வாசிகூட வராது. உள்ளே போகும்போதே பலகையைப் பாருங்கள், அளவுச் சாப்பாடு என்றால் ஒரு கிண்ணச் சோறுதான், அன்லிமிடெட் என்றால்தான் மறுசோறு. பெரியவர்களுக்கு அளவுச் சாப்பாடே மிச்சமாகும். ஒரு சாப்பாட்டை இரண்டு பேர் பகிர விடமாட்டார்கள், சின்னப் பிள்ளைக்கு மட்டும் தனி இலை போடாமல் விடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனஸ்தாபம் வராது. பன்னிரண்டரைக்குள் போங்கள், ஒரு மணிக்குக் கோயில் நடை சாத்தியதும் கூட்டம் முழுக்க அங்கேதான் வரும். சாம்பாருக்கு முதல் சோறைக் கொஞ்சமாக வாங்குங்கள், சாம்பாரிலேயே வயிற்றை நிரப்பிவிட்டு ரசம் வரும்போது கையைக் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த வெயிலுக்கு ரசமும் மோரும்தான் மருந்து.

ராமநாதசுவாமி கோயிலில் நாள் முழுவதும் அன்னதானமும் நடக்கிறது. வசதி இருக்கிறவர்களும் ஒருவேளை உட்கார்ந்து சாப்பிடலாம், பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்கட்டும்.

கீழக்கரைப் பக்கம் யாராவது உங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் எல்லா பஃபேயையும் தள்ளிவிட்டுப் போங்கள். சஹன் என்று ஒரு பெரிய தட்டில் நெய்ச்சோறும் கறியும் வைத்து, அதைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். யாரும் தனியாக அளந்து வைத்துக்கொள்வதில்லை, பக்கத்தில் இருப்பவர் நல்ல கறித்துண்டை நம் பக்கம் தள்ளிவிடுவார். கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, ராமநாதபுரத்திலிருந்து அரைமணி நேரம்தான், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய தொதல் வாங்கிக்கொண்டு திரும்பலாம். எந்த பஃபேயின் இனிப்பு மேசையிலும் அது கிடைக்காது.

பில் விஷயம் ஒன்று. சேவைக் கட்டணம் என்று 5 சதவீதமோ 10 சதவீதமோ பில்லில் தானாகச் சேர்த்திருந்தால் அதை எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அப்படிச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்தது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்துவிட்டது. எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். நன்றாகப் பரிமாறிய பையனுக்குக் கையில் நூறு ரூபாய் கொடுப்பது வேறு, அதை மனதாரச் செய்யுங்கள். அதே மாதிரி, பஃபேக்குப் பிள்ளைகள் கட்டணம் எத்தனை வயதிலிருந்து என்று ரூம் போடும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஐந்து வயது வரை இலவசம் என்று ஓர் இடம், ஆறு என்று இன்னோர் இடம், அங்கே போய் நின்றுகொண்டு பிள்ளையின் வயதைப் பற்றிப் பேசுவது நன்றாக இருக்காது.

அக்காவுக்குக் கடைசியில் என்ன போட்டுக் கொடுத்தேன் என்றால், இரண்டு ரூமுக்கும் காலை பஃபே மட்டும். பத்தரை வரை திறந்திருக்கும் இடம், கேட்டுவிட்டேன். முதல் நாள் தீர்த்தம், மதியம் இலைச் சாப்பாடு, ராத்திரி இட்லியோ பரோட்டா சால்னாவோ அவரவர் விருப்பம். இரண்டாம் நாள் தனுஷ்கோடி போய்த் திரும்பி பஃபே, மதியம் பாம்பனில் கணவாயும் நண்டும், தடைக்காலம் என்பதால் மச்சான் வஞ்சிரம் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் ரோட்டோரத்தில் நுங்கு, வண்டியை எங்கே நிறுத்தினாலும் கிடைக்கும். மிச்சமாகிற காசில் வேனை இரண்டு நாளைக்குச் சேர்த்தே பிடித்துவிடலாம், பெரியவர்கள் ஆட்டோவுக்கு நிற்க வேண்டாம். மூன்றாம் நாள் மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அம்மா இப்போதே நெத்திலிக் கருவாட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.